பக்கம் வெட்டாத பிரதி

ஜூன் 9, செவ்வாய்

ஆய்வேட்டை இன்று ஆய்வுப் பிரிவில் காட்டினேன். அங்கே இருக்கிற எழுத்தருக்கு நாங்கள் வைத்த பெயர் அளவுகோல். நிஜமாகவே ஓர் அளவுகோலை எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் ஓரம் விட்டிருக்கிற இடத்தை அளப்பார். இடது ஓரம் சரி. வலது ஓரம் சரி. வரி இடைவெளி சரி. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடிக்குறிப்பில் விரலை வைத்தார். நாவலிலிருந்து எடுத்த மேற்கோள்களுக்கெல்லாம் கடையில் விற்கிற பதிப்பின் பக்க எண்ணைப் போட்டிருக்கிறேன். இந்த வருடத்திலிருந்து முதல் பதிப்பின் பக்க எண்தான் போட வேண்டுமாம்.

"பின்னாடி நூல் பட்டியல்ல முதல் பதிப்புன்னு போட்டிருக்கீங்க. கீழ வேற பக்கம் வருது. ரெண்டுல ஒண்ணு பொய்யாயிடும்ல?" என்றார். சிரிக்கவில்லை. அவர் எப்போதும் சிரிப்பதில்லை.

நூற்று நாற்பத்தாறு மேற்கோள்கள். முப்பதாம் தேதியோடு என் பதிவு முடிகிறது. ஏற்கெனவே இரண்டு நீட்டிப்பு வாங்கியாயிற்று. ஒன்று கல்யாணத்துக்கு, ஒன்று பிரசவத்துக்கு. இனி செத்தால்தான் கொடுப்பார்கள். முப்பதுக்குள் கொடுக்காவிட்டால் ஆறு வருடப் படிப்பு போச்சு, முனைவர் பட்டம் போச்சு, பட்டம் வாங்கிவிடுவேன் என்று சொல்லி ஒட்டிக்கொண்டிருக்கிற கல்லூரி வேலையும் போச்சு.

வீட்டுக்கு வந்தால் குட்டி மாமாவின் தோளில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். பதினான்கு மாதக் குழந்தைக்கு இத்தனை கனம் எங்கிருந்து வருகிறது? மாமா முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர். மாமியார் இல்லாத வீட்டில் என் பிள்ளையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். திருப்பத்தில் ஹாரன் அடிப்பதுபோல் சத்தம் கொடுத்துக்கொண்டே அறைக்கு அறை நடப்பார். இருபத்தைந்தாம் தேதி அவருக்குக் கண்புரை அறுவை. அதற்குப் பிறகு ஒரு மாதம் குழந்தையைத் தூக்கக் கூடாது. ஆக, எனக்கு இருப்பது முப்பது வரை இல்லை. இருபத்தைந்து வரைதான்.

ஜூன் 10, புதன்

குட்டிக்குப் பல். எனக்கு ஒன்றுமே ஓடவில்லை.

ஜூன் 11, வியாழன்

பல்கலைக்கழக நூலகத்தின் மேல்மாடியில் அரிய நூல் அறை. ஆறு வருடமாக அந்தக் கதவைத் தாண்டிப் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. காப்பாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் சால்வையும் போர்த்தியிருக்கிறார். பேனா கூடாது, பை கூடாது, போன் கூடாது. படம் எடுக்கக் கூடாது, பென்சிலால் பார்த்து எழுதிக்கொள்ளலாம். குழந்தையைக் கொண்டு வரலாமா என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "குழந்தை பரவாயில்லம்மா, அது கையில இருக்கிற பிஸ்கட்தான் கூடாது" என்றார்.

நாவல் என்றால் இந்த நாட்டில் ஒன்றுதான். பத்தாம் வகுப்பில் எல்லாரும் படித்தாக வேண்டும். கடையில் கிடைப்பது முந்நூற்று நாற்பது பக்கம், அட்டையிலேயே "முழுப் பதிப்பு" என்று இருக்கும். முதல் பதிப்பு இரண்டு தடித்த தொகுதிகள். அது ஏன் அவ்வளவு தடிமன் என்று எம்.ஏ.வில் ஒருத்தி கேட்டபோது, அந்தக் காலத்துப் பெரிய எழுத்து என்றார்கள். நாங்களும் எழுதிக்கொண்டோம்.

பெரிய எழுத்து இல்லை. பொடி எழுத்து. கண்ணுக்குள் குத்துகிற எழுத்து. பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பப் போனேன், திருப்ப வரவில்லை. தாள்கள் விளிம்பில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. காப்பாளர் வந்து பார்த்தார். ஒட்டவில்லையாம், வெட்டவில்லையாம். அப்போதெல்லாம் பெரிய தாளில் அச்சடித்து மடித்துத் தைத்துவிடுவார்களாம். வாங்கியவர்தான் மடிப்பை வெட்டிப் படிக்க வேண்டும்.

"யாரோ எட்டுப் பக்கம் வெட்டியிருக்காங்க. அப்புறம் பசிச்சிருக்கும், போயிட்டாங்க" என்றார். பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதை எத்தனை பேரு ஆய்வேட்டுல போட்டிருக்காங்க தெரியுமா? எல்லாரும் மடிப்புக்குள்ள எட்டிப் பார்த்தே படிச்சிருப்பாங்க போல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் நூல் பட்டியலில் முதல் வரியே இதுதான். என் வழிகாட்டி சாரின் புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதியது.

பக்கம் வெட்டுவதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. நிரப்பிக் கொடுத்தேன். நாளைக்கு வரச் சொன்னார்.

ஜூன் 12, வெள்ளி

நிதானமாக எழுத வேண்டும். ஒழுங்காக எழுதினால்தான் எனக்கே புரியும்.

நாவலின் நடுவில் ஒரு துறைக் காட்சி. மூன்று மகன்களும் போருக்குப் படகேறுகிறார்கள். படகு நகர்கிறது. "தாய் துறையில் நின்றாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை." இந்த இரண்டாவது வாக்கியத்தை அறியாதவர் இங்கே கிடையாது. பூங்காவில் அவளுக்குச் சிலை இருக்கிறது. அடியில் இதுதான் செதுக்கியிருக்கிறது. பேச்சுப் போட்டியில் நானே கண்ணீர் விட்டுச் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறேன். சாரின் புத்தகம் இந்த மௌனத்தைப் பற்றியது. என் ஆய்வேட்டின் ஐந்து இயலும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

காப்பாளர் தந்தத்தில் செய்த ஒரு மழுங்கல் கத்தியால் மடிப்புகளைப் பிரித்துக்கொண்டே வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து துறைக் காட்சியைத் தேடினேன். தாய் துறையில் நின்றாள் — வந்துவிட்டது. அடுத்த வாக்கியம் இல்லை.

அந்த வாக்கியமே இல்லை.

அதற்குப் பதிலாக அவள் பேசுகிறாள். பதினோரு பக்கம். பெயர்ப் பட்டியலைப் படிக்கிற அதிகாரியைப் பார்த்து: "எல்லார் பேரையும் படிக்கிறியே, உன் பேரு அதுல எங்க இருக்கு? உன் தம்பி பேரு? காட்டு." பெரியவனிடம்: "நெஞ்சு இழுக்குதேடா உனக்கு. குண்டு வர்ற வரைக்கும் நீ எங்க இருப்ப? பனியே போதும்." அண்டை வீட்டுக்காரிகள் அவளை இழுக்கிறார்கள், அவள் கையைக் கடிக்கிறாள். கடைசியில் சின்னவனைப் பிடித்துக்கொண்டு: "நீ வேண்டாம்னு மூணு மாசம் மருந்து குடிச்சவ நான். குடிச்சும் வந்து பொறந்த. இப்ப வேணும்னு கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், போறேங்கிற. எப்பவும் நான் சொல்றதுக்கு நேரெதிராவே செய்வியாடா நீ?"

இந்த இடத்தில் எனக்குப் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. பாலை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. காப்பாளர் தன் சால்வையை எடுத்து என் மேல் போட்டார்.

ஒரு காட்சியில் மட்டும் இல்லை. புத்தகம் முழுக்கப் பேசுகிறாள். வாயை மூடுவதே இல்லை.

ஜூன் 13, சனி

அவர் வந்திருக்கிறார். குழாய் பதிக்கிற வேலைக்கு மேற்பார்வையாளர். வேலை நடக்கிற ஊரிலேயே தங்கி, சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை போய்விடுவார். குட்டி ஒரு நிமிடம் யாரோ என்று பார்த்துவிட்டுப் பிறகு தாவினாள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. "முடிஞ்சுதா?" என்றார். முடிந்துகொண்டிருக்கிறது என்றேன்.

ஜூன் 15, திங்கள்

பழைய பள்ளிப் பதிப்புகள் கீழ்த்தளத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் பழையதை எடுத்துப் பார்த்தேன். தலைப்புப் பக்கத்தின் பின்புறம், பொடி எழுத்தில்: பாடநூல் குழுவினரால் மாணவர்களுக்கெனச் சுருக்கப்பட்டது. மூன்றாம் அச்சில் அந்த வரி இல்லை. ஆறாம் அச்சில் அட்டையில் "முழுப் பதிப்பு" வந்துவிடுகிறது. அதையே கடைக்கும் அச்சடித்துவிட்டார்கள். யாரும் சதி செய்யவில்லை. ஒரு வரி விழுந்தது, ஒரு வரி ஏறியது.

ஆக, அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியது நாவலாசிரியர் இல்லை. பதினோரு பக்கத்தை எடுத்த பிறகு பள்ளம் தெரியாமல் இருக்கக் குழுவில் யாரோ போட்ட ஒட்டுவரி. அதைத்தான் கல்லில் வெட்டியிருக்கிறோம். அதைத்தான் நான் நான்கு வருடம் — "அவளது மௌனம் அவளே தேர்ந்தது" — மூன்றாம் இயல், முதல் வாக்கியம்.

பதினைந்து நாள் இருக்கிறது.

ஜூன் 16, செவ்வாய்

சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது.

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார். நான் பென்சிலில் எழுதி வந்திருந்த பக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். சின்னவனிடம் அவள் பேசுகிற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து வாசித்தார். மின்விசிறியில் தாள் பறக்காமல் இருக்க அவர் புத்தகத்தையே எடுத்து மேலே வைத்தார். எந்தப் புத்தகம் என்று அவரும் கவனித்தார், நானும் கவனித்தேன்.

"நானும் பார்த்ததில்லம்மா. எங்க சார் பட்டியல்ல போட்டிருந்தார், நான் போட்டேன். நான் போட்டிருந்தேன், நீ போட்ட."

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். புதிதாக எழுதினால் மூன்று, நான்கு, ஐந்து, எல்லா இயலும் விழும். பதினான்கு நாளில் முடியாது. முடித்தாலும் பார்க்கப் போகிறவர்கள் இந்த மௌனத்தைப் பாடம் நடத்தியே தலை நரைத்தவர்கள். அவர் மிரட்டவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார்.

"ஒரு அடிக்குறிப்பு போட்டுடு. பதிப்புக்குப் பதிப்பு பாட வேறுபாடு இருக்குன்னு. பட்டத்தை வாங்கு. அப்புறம் கட்டுரையா எழுது, யாரு உன்னைத் தடுக்கப் போறா?"

எழுந்து வரும்போது கூப்பிட்டார். நீயே முடிவு பண்ணு, நீ எதைக் கொண்டு வந்தாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் மேல் பழியைப் போட ஓர் இடம் இருந்திருக்கும்.

ஜூன் 17, புதன்

அப்புறம் எழுது. அப்புறம் என்பது எந்தக் கிழமை?

ஜூன் 19, வெள்ளி

எழுதிப் பார்க்கிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. புது மூன்றாம் இயல், ஒன்பது பக்கம் வந்திருக்கிறது. இந்த ஆறு வருடத்தில் நான் எழுதியதிலேயே நன்றாக இருப்பது இதுதான். எனக்கே தெரிகிறது. வாசித்தால் மூச்சு வாங்குகிறது. ஆனால் நான்காம் இயலை எடுத்தால் முதல் பத்தியிலேயே "மேலே கண்ட மௌனம்" என்று வருகிறது. எந்த மௌனம்? ஐந்தாம் இயலின் தலைப்பே மௌனம். அடித்துக்கொண்டே போனால் முடிவுரையில் நன்றி மட்டும்தான் மிச்சம்.

மாமா கதவில் வந்து நின்று, குட்டிக்குக் கஞ்சி ஆறிவிட்டது, ஊட்டட்டுமா என்றார். ஊட்டுங்கள் என்றேன். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

ஜூன் 21, ஞாயிறு

அவரிடம் எல்லாம் சொன்னேன். குட்டி அவர் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். இலக்கியம் என்றாலே கொட்டாவி விடுகிற மனிதர், கண்ணை மூடாமல் கேட்டார். அந்தம்மா கடிச்சாங்களா என்று ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றேன். நல்லது என்றார்.

பிறகு சொன்னார்: "குழாய் கசியுதுன்னு தெரிஞ்சே மண்ணைத் தள்ளி மூடினா, பின்னாடி தோண்டித்தான் ஆகணும். ரோட்டையும் சேர்த்துத் தோண்டணும்." குட்டியை நகர்த்தி உட்காரவைத்துவிட்டு: "ஆனா முப்பதாம் தேதி தண்ணி திறந்து விடணும்னா, எல்லாரும் மூடத்தான் செய்வாங்க. நானும் மூடியிருக்கேன்."

நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று கேட்டேன். தெரியலை என்றார். ஆறு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். எனக்கு இரண்டாவது பாதி மட்டும்தான் காதில் நிற்கிறது.

ஜூன் 23, செவ்வாய்

குட்டிக்குக் காய்ச்சல். நூற்று இரண்டு. பல்லால்தான் என்கிறார் டாக்டர். காய்ச்சலுக்கு எந்தப் பதிப்பு என்றாலும் ஒன்றுதான்.

ஜூன் 24, புதன்

எழுதாமல் விட்டுவிடலாம். இல்லை, எழுதுகிறேன்.

மத்தியானம் மாமா நாளைய அறுவைக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தார். நானும் அவளும்தான். மடியில் வைத்துக்கொண்டே ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அழுகிறாள், இறக்கினால் அழுகிறாள், தூக்கினால் அழுகிறாள். ஒரு பக்கம் — ஒரே ஒரு பக்கம் முடித்துவிட்டு வருகிறேன் என்றுதான் — அவள் கையை நீட்டி எதையோ அழுத்தினாள், பக்கம் போய்விட்டது. ஏன்டி என் உயிர எடுக்குற, நீ வராமலே இருந்திருக்கலாம்ல — கத்தினேன். இந்த வாயால்தான். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. குட்டி அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அது அழுகையைவிட மோசம். அவளைத் தொட்டிலில் விட்டுவிட்டுக் குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம்? தெரியாது. வாளி நிரம்பி வழிந்து காலில் பட்டது.

போன பக்கம் திரும்பக் கிடைத்துவிட்டது. ஒரு விசையை அழுத்தினால் வந்துவிடுகிறது. சொன்னதற்கு அப்படி ஒரு விசை இல்லை.

நான்கு வருடமாக ஒரு பேசாத தாயை மேஜை மேல் வைத்துக்கொண்டு என்னை அளந்திருக்கிறேன். பிரசவ அறையில் நான் கத்தியபோதுகூட அவள் ஞாபகம் வந்தது. அவள் இப்படியா கத்தியிருப்பாள் என்று. இப்போது தெரிகிறது, அவள் இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறாள், அதுவும் ஊர் முன்னால். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. பத்து நிமிடம்.

இதை எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டும் — அந்தச் சிலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தன்னையே அறைந்துகொள்கிற எத்தனை பேர்? இதையா நான் அடிக்குறிப்பில் போடப் போகிறேன்?

ஜூன் 25, வியாழன்

மாமாவுக்கு அறுவை முடிந்தது. பிளாஸ்டிக் மூடி போட்ட கண்ணோடு கட்டிலில் உட்கார்ந்து, ரிவர்ஸ் எடுக்கிற வண்டி மாதிரி "பாத்து, பாத்து" என்று எனக்கே வழி சொல்கிறார். குட்டிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. மாமாவைப் பார்த்ததும் தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"டிப்போல போட்டாச்சும்மா வண்டிய" என்றார் அவளிடம்.

ஜூன் 27, சனி

அவர் வரவில்லை. எங்கோ குழாய் வெடித்திருக்கிறதாம். இடுப்பில் அவள், அடுப்பில் கஞ்சி, மாமாவுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து. நடுவில் கிடைத்தது நாற்பது நிமிடம். நாற்பது நிமிடத்தில் இரண்டு இயல் எழுத முடியாது. ஒரு வரி எழுதலாம்.

எண்பத்தேழாம் அடிக்குறிப்பு: "முதல் பதிப்பில் சில இடங்களில் சிறு பாட வேறுபாடுகள் உள்ளன."

தட்டச்சு செய்து முடிக்க அரை நிமிடம் ஆனது. சில இடங்களில். சிறு. அந்த இரண்டு சொல்லையும் அழித்தேன். திரும்பப் போட்டேன்.

இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டையும் அச்செடுத்து வைக்கிறேன்.

ஜூன் 29, திங்கள்

குட்டியைத் தூக்கிக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். பையில் இரண்டு கட்டு. ஒன்று முழுசு: ஐந்து இயல், அடிக்குறிப்பு. இன்னொன்று இரண்டு இயலும் அந்த ஒன்பது பக்கமும், மீதியை எழுத அவகாசம் கேட்டு ஒரு கடிதமும். அவகாசம் கிடைக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் கோப்பில் ஏறிவிடும். யாராவது என்றாவது பார்ப்பார்கள்.

சார் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். "எதுலம்மா போடணும்?"

குட்டி அவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிரித்தெடுத்தேன். பிறகு பைக்குள் கையை விட்டேன். தேட வேண்டியிருக்கவில்லை. தடிமனாக இருந்தது எது என்று கைக்கே தெரிந்தது.

கையெழுத்துப் போடும்போது அவர் முகத்தில் நிம்மதி தெரியும் என்று நினைத்தேன். தெரியவில்லை. ஏதோ கேட்டு, கிடைக்காமல் போனவர் மாதிரி இருந்தார். அப்படியென்றால் அவரே சொல்லியிருக்கலாமே. இல்லையா? அவரே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 30, செவ்வாய்

மூன்று மணி ஐம்பதுக்குக் கொடுத்தேன். அளவுகோல் ஓரங்களை அளந்தார். அடிக்குறிப்புகளைப் புரட்டி, முதல் பதிப்பின் பக்க எண்கள் வந்திருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். துறைக் காட்சிக்கு மட்டும் ஒரு பக்கத்தைப் போடாமல், பதினோரு பக்கத்துக்கும் முதல், கடைசி எண்களைப் போட்டிருந்தேன். சரிதான் என்று விட்டுவிட்டார்.

உறுதிமொழிப் பக்கத்தில் கையெழுத்து. "மூல நூல்களை நேரில் பார்வையிட்டே இவ்வாய்வை மேற்கொண்டேன் என உறுதி கூறுகிறேன்." இந்தத் துறையில் இந்த வரிக்குக் கீழே பொய் சொல்லாமல் கையெழுத்துப் போடக்கூடிய ஒரே ஆள் நான்தான். போட்டேன்.

ஜூலை 1, புதன்

பகலெல்லாம் தூங்கினேன். மாமா ரேடியோவைக்கூடப் போடவில்லை.

நவம்பர் 12, வியாழன்

வாய்மொழித் தேர்வு. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். மூன்றாம் இயலை வெகுவாகப் பாராட்டினார். ஒரு தாயால்தான் இப்படி எழுத முடியும் என்றார். பின்வரிசையில் என் மாணவிகள் நான்கு பேர் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில், போகிற போக்கில் கேட்பதுபோல்: "முதல் பதிப்பைப் பார்த்திருக்கீங்க போல. எங்க ஊர்ல அது இல்லை. எப்படி இருக்கு?"

சார் ஜன்னலைப் பார்த்தார். பதினோரு பக்கமும் மனப்பாடம். நெஞ்சு இழுக்குதேடா உனக்கு என்று தொடங்கினால் போதும், மீதியை அவளே பேசிவிடுவாள்.

"பெரிய எழுத்து சார்" என்றேன்.

"ஆமாமா, அந்தக் காலத்து அச்சு" என்றார். அவ்வளவுதான். டீ கொடுத்தார்கள். எல்லாரும் டாக்டர் என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமா, டாக்டரம்மா வந்தாச்சு, இந்தக் கண்ணையும் கொஞ்சம் பாருங்க என்று இமையை விரித்துக் காட்டினார். சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன், நிறுத்த வரவில்லை. குட்டி பயந்துவிட்டாள்.

ஜனவரி 4, திங்கள்

கல்லூரியில் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். கட்டுரையை இந்த விடுமுறையில் எழுதிவிட வேண்டும்.

பிப்ரவரி 9, செவ்வாய்

எழுதவில்லை. எழுதினால் முதல் கேள்வி, உங்களுக்கு எப்போது தெரியும் என்பதுதான். தேதியோடு என் கையெழுத்து இருக்கிறது. ஜூனில் சொல்லியிருந்தால் நான் கண்டுபிடித்தவள். இப்போது சொன்னால் மறைத்தவள். அப்புறம் எழுது என்றபோது சாருக்கு இது தெரிந்திருக்குமா?

மார்ச் 13, சனி

பாடநூல் குழுவில் சேரச் சொல்லிப் போன மாதம் கடிதம் வந்திருந்தது, இன்று முதல் கூட்டம். நீளமான மேஜை, ஆறு பேர், எல்லார் முன்னாலும் ஒரு பிரதி, ஒரு பென்சில், ஒரு தண்ணீர்க் குப்பி. தலைவி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தாயின் மௌனத்தைப் பற்றி உங்களைவிட யாருக்குத் தெரியும் என்றார்.

பள்ளியில் ஒரு பருவத்துக்குள் நாவல் முடியவில்லையாம். இன்னும் முப்பது பக்கம் குறைக்க வேண்டும். தாய் வருகிற இடங்களைத் தொடவே கூடாது, அது மட்டும் கண்டிப்பு என்றார் தலைவி. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். பென்சிலைச் சீவ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

எனக்கு வந்தது பெரிய மருமகள் பகுதி. புருஷன் செத்த செய்தி உண்மையா என்று கேட்டுப் போர் அலுவலகத்தின் வாசலில் அவள் நாள்தோறும் போய் நிற்கிறாள். காவலாளியோடு சண்டை போடுகிறாள். நான்கு பக்கம் பேசுகிறாள். நல்ல பேச்சு. அதைச் சுற்றிக் கோடு போட்டு, ஓரத்தில் ஒட்டுவரி எழுதினேன்: "மருமகள் வீடு திரும்பினாள்." பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, பள்ளமே தெரியலை மேடம் என்றார்.

முதல் நான்கு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. பிறகு கை பழகிவிட்டது. மாலைக்குள் எல்லாருமாகப் பதினேழு பக்கம். மீதி பதின்மூன்றை நானே வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன்.